தேயிலைத் தூளுக்குள் வைத்த டாலர்

எங்கள் தோட்டத்து லைன் வீட்டில் எதை வைத்தாலும் பூஞ்சை பூத்துவிடும். செருப்பு பூக்கும், பருப்பு பூக்கும். மழைக்காலத்தில் சாமி படத்துக்குப் பின்னால்கூடப் பச்சையாகப் பிடிக்கும். அதனால் கெடக்கூடாத காகிதத்தை டின்னில் போட்டு, மேலே தேயிலைத் தூளைக் கொட்டி மூடுவோம். தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரேஷன் கார்டு அப்படித்தான் இருந்தது. டாலரையும் அப்படித்தான் வைத்தேன்.

இலை பறித்து முட்டி தேய்ந்த பிறகு, குன்னூருக்கு மேலே ஒரு எஸ்டேட் பங்களாவில் அறை கூட்டப் போனேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள். கிளம்பும்போது தலையணைக்கு அடியில் ஒரு நோட்டு வைத்துவிட்டுப் போவார்கள். முதலில் எல்லாம் அன்றைக்கே பஜாரில் தைலக்கடை பாயிடம் மாற்றி அரிசி வாங்கிவிடுவேன்.

மாற்றாதே என்று சொன்னது அக்கா.

அக்கா சிலோனில் இருக்கிறாள், அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். பாதிப் பேருக்கு இந்தியா, பாதிப் பேருக்குச் சிலோன் என்று இரண்டு அரசாங்கமும் எங்கள் ஆட்களைப் பிரித்தபோது எங்களுக்கு இந்தியா விழுந்தது. அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மாமா வீட்டுக்குச் சிலோன் விழுந்தது. நாங்கள் ரயில் ஏறும் காலையில் எனக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டாள். நான் சின்னப் பிள்ளை. அதற்குப் பிறகு அவளை நேரில் பார்க்கவில்லை.

அப்பா தலையணைக்குள் சிலோன் நோட்டை வைத்துத் தைத்துக்கொண்டு வந்தார். அதிகாரிகளிடம் காட்டிய பணத்தைத்தான் மாற்றிக் கொடுத்தார்கள். தலையணையில் இருப்பதைக் காட்ட அவருக்குப் பயம். இங்கே வந்த பிறகு அதை யாரும் வாங்கவில்லை. ரொம்ப நாள் வைத்திருந்தார். ஒரு மழையில் விறகு பிடிக்காதபோது அம்மா அதைப் போட்டு அடுப்பு பற்றவைத்தாள். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

சிலோன் பணத்தின் மதிப்பு விழுந்த வருடம் அக்கா போனில் அழுதாள்.

"சல்லி இருக்கு புள்ள. கை நெறைய இருக்கு. கேஸ் இல்ல, லாம்பெண்ணெய் இல்ல, மாத்திர இல்ல. சாமானோட கப்பல் கடல்ல நிக்குதாம். டாலர் குடுத்தாத்தான் எறக்குவானாம்."

"அப்பா தலகாணி மாதிரி ஆயிருச்சா அக்கா?"

"நாடே தலகாணிதான் இப்ப. நீ வாறப்ப ரூவா கொண்டாராத. டாலர் கொண்டா. ஒலகத்துல சாவாத சல்லி அது ஒண்ணுதான்."

நான் நம்பினேன். கப்பலையே நிறுத்துகிற பணம் என்றால் பெரிய பணம்தான். சேர்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், அவள் கையில் கொடுக்க வேண்டும், அவள் என்னை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. அவளுக்கும் அதுதான்.

கொஞ்சம் சேர்ந்தது. வரட்டுமா என்று அக்காவிடம் கேட்டால், டாலர் இன்னும் ஏறட்டும் என்பாள். பாயிடம் கேட்டால், "ஏறிட்டுத்தான் இருக்குதும்மா, அவசரப்படாதீங்க" என்பார். குன்னூர் ஏலத்தில் விலை வராத தூளை அடுத்த வாரத்துக்கு வைப்பார்கள். நாங்கள் போவதையும் அப்படி வைத்துக்கொண்டே இருந்தோம்.

இதற்கு நடுவில் என் மகளின் போனில் படத்தோடு பேச வழி வந்தது. அங்கே அக்காவின் மருமகள் போனைப் பிடித்துக்கொள்வாள்.

"ஏம்புள்ள, அங்க பனியா? ஒன் மூஞ்சி பொகையாத் தெரியுது."

"ஆமா அக்கா, பனிதான்."

பொய் இல்லை. எங்கள் லைனில் பாதி நாள் மூடுபனிதான். பனி இல்லாத நாளில் சிக்னல் சரியில்லை என்று நினைத்தோம். மலையில் இருப்பவர்களுக்கு எதுவும் சரியாகத் தெரியாவிட்டால் பனி என்றுதான் தோன்றும். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

பங்களாவுக்கு வருடா வருடம் ஒரு அமெரிக்கக்காரக் கிழவி வருவாள். எப்போதும் டாலர் வைப்பாள். போன தடவை தலையணைக்கு அடியில் நம் ரூபாய் இருந்தது. தவறுதலாக வைத்துவிட்டாளோ என்று அவளுடைய கார் டிரைவரை விட்டுக் கேட்டேன். அவர் கேட்டுவிட்டு வந்து சிரித்தார்.

"தெரிஞ்சுதான் வெச்சாங்களாம். அவங்க ஊர்ல கடன் தலைக்கு மேல போயிருச்சாம். அவங்க பணம் இனி எப்படிப் போகும்னு அவங்களுக்கே தெரியலையாம். உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலின்னு சொல்றாங்க."

அன்று சாயந்திரம் டின்னை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போய், கிழவி சொன்னதைச் சொன்னேன். அவர் ஒரு நோட்டை எடுத்து மோந்து பார்த்தார்.

"இதென்னம்மா, பால் ஊத்துனா குடிச்சரலாம் போல இருக்குது. இந்தக் கறைக்குன்னு காசுல கொஞ்சம் பிடிப்பாங்க."

"அது போகட்டும் பாய். டாலர் ஏறுதா இறங்குதா?"

"நம்ம ரூபாய்க்கு ஏறித்தான் இருக்குதுங்க. தங்கத்தோட வெச்சுப் பாத்தா இறங்கிருச்சு. பெரிய பெரிய நாடே டாலரக் கொறைச்சுட்டுத் தங்கம் வாங்கி அடுக்குதாம். அப்பவே இதுக்கு ஒரு பவுன் வாங்கியிருக்கலாம் நீங்க. இப்ப அரைப் பவுனுக்கே இழுக்கும்."

"செத்துருமா அது?"

"சாகாதும்மா. ஆனா இதே ராஜா மாதிரி இருக்குமான்னு கேட்டா, அந்தம்மாக்கே தெரியல, தைலம் விக்கிற எனக்கா தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன். அன்று நல்ல வெயில். வெளியே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று பேசினேன்.

"அதுக்குமா?" என்றாள். "அதுவும் தலகாணிதானா?"

"தெரியல அக்கா. யாருக்கும் தெரியலயாம்."

"சரி விடு. இன்னைக்கும் அங்க பனியா?"

வெயில் என் முகத்தில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. மகள் என்னைப் பார்த்தாள். நான் அக்காவின் மருமகளைப் பேசச் சொன்னேன். படம் தனக்குக் கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தெரிகிறது என்றாள்.

அக்காவைக் கொண்டுபோய்க் காட்டியபோது, கண்டி ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் பிரஷர் என்றார்கள். வலிக்காதாம், ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு போகுமாம். போனது திரும்பாது. மிச்சமும் அதிக நாள் நிற்காது என்றார்கள்.

அதற்குப் பிறகு ஏற்றமும் இறக்கமும் நான் கேட்கவில்லை. டிக்கெட்டுக்கு வேண்டியதைப் பாயிடம் மாற்றினேன். கறைக்கு என்று காசு பிடிக்கவில்லை அவர். பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் சிலோன் என்று இருந்ததால் ஒரு காகிதம் கேட்டார்கள், பிறகு இன்னொரு காகிதம் கேட்டார்கள். அது கைக்கு வந்து நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா, அங்கே லயம் என்கிற லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து என் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் வேறு பக்கம் இருந்தது.

யாரும் அழவில்லை. மருமகள்தான் உள்ளே போய் அழுதாள்.

மிச்ச டாலரை அக்கா கையில் வைத்தேன். மூக்கில் வைத்தாள்.

"இதென்ன, நீலகிரித் தூளா? நல்லாத்தான் அரைக்கிறான்."

"டாலர் அக்கா."

"தெரியுது. வைக்கவா, மாத்தவா?"

"நாளைக்கே மாத்திரு."

"ஏறுச்சுன்னா?"

"ஏறட்டும்."

அவள் கை என் தலைக்கு வந்தது. கொண்டையைத் தொட்டதும் நின்றது.

"சடை எங்க புள்ள?"

"நரைச்சிருச்சு அக்கா."

"எனக்கு அந்த ரெட்டைச் சடைதான் தெரியும். அதையே வச்சிக்கிறேன்."

மறுநாள் காலையில் வாசலில் உட்கார்ந்திருந்தோம். மருமகள் நோட்டுகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறப் போனாள்.

"வெளிய எப்படி?" என்றாள் அக்கா.

"பனி. எதிர் லயம் தெரியல."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான்."

"அப்ப எனக்கும் ஒனக்கும் ஒண்ணுதான்" என்று சிரித்தாள்.

டீயை ஆற்றி அவள் கையில் பிடித்துக் கொடுத்தேன்.