எல்லாம் ஓகே லா

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் இருந்தது. மலேசியாவில், மெர்போக் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் கிராணி வேலை, அதாவது அலுவலக எழுத்தர். ஒரு செவ்வாய்க்கிழமை, சிறப்புக் கல்வி வகுப்பின் அமுதா டீச்சர் அலுவலகத்துக்கு வந்தார். யாழினியை இனிமேல் பதினொரு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிடத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கப் போவதாகச் சொன்னார்.

யாழினிக்கு எட்டு வயது. ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. தினமும் பதினொரு மணியானால் மேசைக்கு அடியில் புகுந்து அலறுகிறாளாம். அவளைப் பார்த்து மற்ற ஐந்து பிள்ளைகளும் அழுகிறார்களாம்.

அவள் அம்மா செல்விக்குச் சுங்கை பட்டாணி நகரத் தொழிற்சாலை ஒன்றில் காலை ஷிப்ட். அப்பா மணியம் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறார். பதினொரு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் இல்லை. செல்வி வேலையை விட வேண்டியதுதான்.

அம்மாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். டீச்சர் கைப்பேசியை நீட்டினார். எண்ணிப் பார்த்தேன். அந்த மாதம் அவர் அனுப்பியவை பதினாறு செய்திகள். பதினைந்தில் 'யாழினி இன்று நன்றாக இருந்தாள்', கூடவே ஒரு பூ. ஒன்றில் மட்டும் 'கொஞ்சம் அழுதாள்'. பதினாறுக்கும் செல்வியின் பதில் ஒன்றுதான்: 'ஓகே லா டீச்சர், வீட்ல எல்லாம் ஓகே.'

"பாவம், பெக்டரில நிக்கிற மனுஷிக்கு உங்க பிள்ள அழுவுதுன்னு தினம் எப்படிய்யா எழுதுறது?" என்றார் டீச்சர்.

மறுநாள் பெற்றோர் இருவரையும் வரச் சொன்னோம். முதல் பத்து நிமிடம் இரு தரப்பும் மாறி மாறிப் பாராட்டிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்த வீடு மாதிரி இருந்தது. எந்தப் பக்கமும் ஒரு குறை இல்லை. பொறுக்க முடியாமல் நான் கேட்டேன்: "அப்ப வீட்ல அவ அலறவே மாட்டாளாம்மா?"

செல்வி கணவரைப் பார்த்தார்.

"அலறுவா ஐயா. சொன்னா ஸ்கூல்ல வேணாம்னு அனுப்பிருவீங்களோன்னு பயம். பிளெண்டர் சத்தம் அவளுக்கு ஆகாது. சட்னி அரைக்கணும்னா இவரு அவள மோட்டார் சைக்கிள்ல வச்சு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிருவாரு."

"வீட்ல தோசைன்னாலே எனக்குப் பெட்ரோல் செலவுதான் லா," என்றார் மணியம்.

டீச்சர் எழுந்துவிட்டார். அவர் வகுப்பின் பின்சுவரை ஒட்டித்தான் கேண்டீன். கேண்டீன் நடத்தும் பாக்கியம் அக்கா மத்தியானச் சமையலுக்கு பிளெண்டரில் மிளகாய் அரைப்பது பதினொரு மணிக்கு. எங்களுக்குப் பழகிப்போன சத்தம். யார் காதிலும் விழுவதில்லை.

அக்காவிடம் சொல்ல நான்தான் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு முறைத்தார். "ஊருக்கெல்லாம் மெசேஜ் போடுறீங்க. எனக்கு ஒண்ணு போடத் தோணலியா ஐயா?" அடுத்த நாளிலிருந்து காலை மணி அடிப்பதற்கு முன்பே அரைத்து வைத்துவிட்டார்.

யாழினி தினமும் பள்ளி முடியும்வரை வகுப்பில் இருந்தாள். மேசைக்கு அடியில் போவது அடியோடு நிற்கவில்லை. இடி இடித்தால் போவாள். செல்வி வேலையை விடவில்லை. ஆனால் அதன் பிறகு டீச்சருக்கு அவர் குரல் பதிவாகவே அனுப்பினார், ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்குக் குறையாமல். யாழினி எதைத் தின்றாள், எதைத் துப்பினாள், பூனையை எந்தப் பக்கமாகத் தொட்டாள், எல்லாம் இருக்கும். ஓய்வு நேரம் இதற்கே சரியாகிறது என்று டீச்சர் அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டாலும் ஒன்றையும் விடாமல் கேட்டார்.

புதிதாக வரும் கிராணிகளுக்கு நான் சொல்வது இது. வாசலில் வந்து சத்தம் போடும் பெற்றோருக்குப் பயப்படாதீர்கள். அவர்கள் பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு குறையும் சொல்லாத ஆளை முதலில் கூப்பிடுங்கள். நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து உட்கார வையுங்கள். அவர் பேச ஆரம்பிக்க நேரமாகும்.