எண்ணிப் பார்த்தேன், எட்டும் சரியாக இருந்தது

கைடு கேப்டன் வேலைக்குச் சம்பளம் கிடையாது. விசில் மட்டும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்த என்னை, ஒருநாள் தலைமையாசிரியை கூப்பிட்டு, "சாரணியர் படையையும் நீங்களே பாத்துக்கங்க ஸ்டெல்லா" என்று கழுத்தில் அந்த விசிலை மாட்டிவிட்டார். அது ஆச்சு பதினெட்டு வருஷம். ஆண் பிள்ளைகள் என்றால் ஸ்கவுட், பெண் பிள்ளைகள் என்றால் கைடு, அவர்களை மேய்ப்பவள் கேப்டன். அவ்வளவுதான் விஷயம்.

அடுத்தவர் பெற்ற பிள்ளைகளை ஊர் விட்டு ஊர் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டாம். ரயிலில் ஏறினால் எண்ணுவோம், இறங்கினால் எண்ணுவோம், தூக்கத்தில் புரண்டு படுத்தாலும் ஒருதரம் எண்ணுவோம். சமீபத்தில் எட்டுப் பிள்ளைகளோடு தேசிய ஜம்போரிக்குப் போய் வந்தேன். நாடு முழுக்க இருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே மைதானத்தில் கூடாரம் போட்டுத் தங்குகிற திருவிழா அது. போய் வந்த கதையைத்தான் சொல்கிறேன்.

கையெழுத்து

என் எட்டுப் பேரில் எட்டாவது பேச்சியம்மாள். ஒன்பதாம் வகுப்பு. சத்தம் வெளியே வராத பிள்ளை. சுந்தரபாண்டியத்தில் வீடு. ஒருநாள் ராத்திரிகூட வீட்டை விட்டு வெளியே தங்கியதில்லை. சம்மதக் கடிதத்தில் அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் என்று வகுப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். சரி, நானே போய்க் கேட்கிறேன் என்று பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்த நேரம், அவள் அப்பா மூக்கையா மேய்ச்சலிலிருந்து வந்த ஆடுகளைப் பட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தார். இருபது ஆடு இருக்கும். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாரே தவிர, பட்டி வாசலில் இருந்த படலை விட்டு நகரவில்லை. வரிசையாக வந்ததில் ஒரு ஆட்டை மட்டும் முழங்காலால் தள்ளி வெளியே விட்டார். அது கத்திக்கொண்டே பக்கத்து வீட்டுக்கு ஓடியது. எனக்கோ கடைசி பஸ் கவலை. படலைச் சாத்திக் கைகழுவி வந்து, "எத்தன பிள்ளைய டீச்சர்?" என்றார். எட்டு என்றேன். "எம்புட்டு நாளு?" போக வரப் பத்து நாள் ஆகும் என்றேன். கதவுக்குப் பின்னால் பேச்சி மூச்சு விடாமல் நின்றாள். எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுத் தாளை என்னிடம் நீட்டினார்.

"உங்களுக்கு எட்டுல ஒண்ணு டீச்சர். எனக்கு இருக்கதே ஒண்ணு."

ஒரு பை மட்டும்

ஆளுக்கு ஒரு பைதான் என்று மூன்று தடவை எழுதி அனுப்பியிருந்தேன். அணித் தலைவி சுபத்ராவுக்கு ராஜபாளையம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவள் அம்மா ஆட்டோவில் நாலு பையோடு வந்து இறங்கினார். திறந்து பார்த்தால் முறுக்கு, சீடை, பருப்புப்பொடி, ஒரு பாட்டில் நிறைய எலுமிச்சை ஊறுகாய். "அங்க மூணு வேளையும் சாப்பாடு போடுவாங்கம்மா" என்று கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன். அந்த அம்மா அசரவில்லை.

"போடுவாங்கன்னு தெரியும் டீச்சர். சாப்பிடுற மாதிரி போடுவாங்களா?"

இடது கை

எங்கள் இயக்கத்தில் கை குலுக்குவது இடது கையால். இதயத்துக்குப் பக்கத்துக் கை என்று அதற்கொரு விளக்கமும் உண்டு. பிள்ளைகளுக்குப் பழகிவிடும். பெற்றோருக்கு யார் சொல்வது? ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கு எங்களை வழியனுப்ப வந்த இயக்கப் பெரியவர் ஒருவர், உற்சாகத்தில் பெற்றோருக்கும் இடது கையை நீட்டிக்கொண்டே போனார். மற்றவர்கள் ஒருமாதிரி சமாளித்தார்கள். வெளுத்த சட்டையும் வேட்டியுமாக வந்திருந்த மூக்கையா, நீட்டிய கையைப் பார்த்தார், பெரியவர் முகத்தைப் பார்த்தார், தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஐயாவுக்குச் சோத்துக்கை நல்லாத்தான இருக்கு? பொறவு எதுக்குப் பீச்சாங்கைய நீட்டுறிய?"

கொடி

போய் இறங்கிய இடம் வடக்கே, இரண்டு ரயில் மாறிப் போகிற தூரம். குளிர் பல்லைக் கிடுகிடுக்க வைத்தது. ஒவ்வொரு அணியும் கூடாரத்துக்கு முன்னால் மூங்கிலும் கயிறும் மட்டும் வைத்து, ஒரு ஆணிகூட அடிக்காமல், ஏதாவது கட்டிக் காட்ட வேண்டும். அதற்கு மார்க் உண்டு. இடது பக்கக் கூடாரத்துக்காரர்கள் மயில் கட்டினார்கள். வலது பக்கம் பெரிய கோட்டை வாசல். எங்கள் பிள்ளைகள் கட்டியது துணி காயப்போடுகிற கொடி. எனக்கு மானம் போனது. "ஏட்டி, இதக் கட்டத்தான் இம்புட்டுத் தூரம் வந்தமா?" என்று சுபத்ராவைத் திட்டினேன். அவள், "துவச்ச துணி காயல மிஸ்" என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டுக் கயிற்றை இறுக்கினாள்.

நடுவர் வந்த நேரம் மயில்காரர்களும் கோட்டைக்காரர்களும் அதில் துண்டு, காலுறை எல்லாம் போட்டிருந்தார்கள். கொடியே கண்ணுக்குத் தெரியவில்லை. சுபத்ரா ஓடிப்போய்த் துணிகளை உருவப் பார்த்தாள். நடுவர் தடுத்து இந்தியில் என்னவோ சொன்னார். கூட வந்த தொண்டர் தமிழில் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"எடுக்காதே. காலையிலிருந்து பார்த்ததில் வேலை செய்கிற சாமான் இது ஒன்றுதான்."

கயிற்றுப் பாலம்

மூன்றாம் நாள் கயிற்றுப் பாலம். இரண்டு கம்பத்துக்கு நடுவில் கால் வைக்க ஒரு கயிறு, கை பிடிக்க இரண்டு கயிறு. இடுப்பில் பெல்ட், கீழே வலை, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கூட்டம் அதிகம் என்பதால் ஆளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. ஏழு பேர் கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் போய்ச் சேர்ந்தார்கள். பேச்சி நாலு எட்டு வைத்தாள். கயிறு ஆடியது. அப்படியே நின்றுவிட்டாள். செத்த நேரம் பார்த்துவிட்டுத் தொண்டர்கள் திருப்பிக் கூட்டி வந்து பெல்ட்டைக் கழற்றினார்கள்.

அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஆடு மேய்க்க மலையேறுற பிள்ளைக்குக் கயித்துல நடக்கப் பயமா?" என்று கேட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன். மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பேச்சி அழவில்லை. அவள் சொன்ன பதிலை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

"மலை அசையாதுல்ல மிஸ்."

எயிட்

அதற்குப் பக்கத்திலேயே வில் அம்பு, பானை உடைப்பு என்று இன்னும் ஒரு மணி நேரம் ஓடியது. சாப்பாட்டு நேரம் வந்ததும் விசில் ஊதினேன். சுற்றிலும் அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே நீல உடுப்பு. கழுத்து ஸ்கார்ஃப் மட்டும்தான் ஊருக்கு ஊர் வேறு. எங்களுடையது மெரூன், மஞ்சள் கரை. எட்டு மெரூன் வரிசையில் நின்றது. நம்பர் சொல்லச் சொன்னேன். ஒன், டூ என்று போய்க் கடைசியில் "எயிட்" என்று கணீரென்று ஒரு குரல் வந்தது. பேச்சிக்கு அம்புட்டுச் சத்தம் வராதே என்று அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பசி. மற்ற ஏழு பேரும் பானை உடைத்த கதையிலேயே இருந்தார்கள், கடைசியில் வந்தவளை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. அரை கிலோமீட்டர் நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன்.

சாப்பாட்டு வரிசையில், "பேச்சி, தட்ட நீட்டு" என்றேன். எட்டாவது பிள்ளை திரும்பியது. அது வேறு முகம். பேச்சி உயரம், பேச்சி மாதிரியே ரெட்டை ஜடை, பேச்சியின் மெரூன் ஸ்கார்ஃப். நான் பார்த்தே இராத முகம். ஜம்போரியில் பிள்ளைகள் ஞாபகார்த்தமாக ஸ்கார்ஃப் மாற்றிக்கொள்வது வழக்கம்தான். ஆளே மாறியது எனக்கு இதுதான் முதல் தடவை. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து அழகாகச் சிரித்தது.

"எக்ஸ்சேஞ்ச், மேடம்!"

பச்சை ஸ்கார்ஃப்

'எனக்கு இருக்கதே ஒண்ணு' என்று மூக்கையா சொன்னது காதுக்குள் அடித்தது. சுபத்ராவிடம், "ஒருத்தியும் இந்த இடத்த விட்டு நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்த வழியே ஓடினேன். ஆண்டவரே, ஆண்டவரே என்று வாய் ஓயவில்லை. எங்கே பார்த்தாலும் நீல முதுகு. மெரூன் ஸ்கார்ஃப், மெரூன் ஸ்கார்ஃப் என்று தேடுகிறேன். அது என் கையில் பிடித்திருந்த பிள்ளையின் கழுத்தில் இருக்கிறது என்கிற புத்திகூட எனக்கு இல்லை. கடைசியில் அந்தப் பிள்ளைதான் என் கையை உலுக்கி மேலே காட்டியது.

கயிற்றுப் பாலத்தின் நடுவில், பச்சை ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி பேச்சி நின்றாள். கயிறு ஆடிக்கொண்டிருந்தது. விசிலை வாயில் வைத்துவிட்டேன். ஊதினால் திரும்பிப் பார்ப்பாள். பார்த்தால் பயந்துவிடுவாள். ஊதாமல் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு எட்டு. நின்றாள். இன்னொரு எட்டு. இப்படியே போய் அந்தக் கம்பத்தைக் கட்டிப் பிடித்தாள். எனக்குப் போன உயிர் வந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது, எதற்கு மறைக்க?

பக்கத்தில் என்னைப் போலவே நீலச் சேலையும் விசிலுமாக ஒடிசாவிலிருந்து வந்த கேப்டன் அம்மா நின்றார். மேலே காட்டி, அது என் பிள்ளை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நம்பவில்லை. தன் வரிசையைத் திரும்பிப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இதுதான்:

"இருக்காதே, இப்போதுதானே எண்ணினேன், எட்டும் சரியாக இருந்தது!"

எப்படிப் பேசினீர்கள்

அப்புறம் பேச்சியை ஆத்திரம் தீரத் திட்டினேன். விசாரித்ததில் தெரிந்தது, அந்த ஒடிசாப் பிள்ளைக்குப் பாலம் ஏறப் பயம். அவள் முறையோ இன்னும் வரவில்லை. பேச்சிக்கு இன்னொரு தடவை ஏறிப் பார்க்க ஆசை. அவள் முறையோ முடிந்துவிட்டது. ஆளுக்கு ஆள் ஸ்கார்ஃபை மாற்றி வரிசையையும் மாற்றிக்கொண்டார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது. இவளுக்கு ஒடியாவும் தெரியாது, இந்தியும் தெரியாது. இத்தனையையும் எந்தப் பாஷையில் பேசி முடித்தீர்கள் என்று கேட்டேன்.

"பேசல மிஸ். அவளும் அழுதா, நானும் அழுதேன்."

பட்டி

திரும்பி வருகிற ரயிலில் பேச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பாகிட்டச் சொல்லிராதிய மிஸ். பொறவு எங்கயும் விட மாட்டாரு" என்றாள். சொல்லாமல் விடுவது எனக்கும் சௌகரியம்தான். பிள்ளைதான் பத்திரமாக வந்துவிட்டதே, எதற்கு வம்பு? ஊர் நெருங்கும்வரை அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஸ்டேஷனில் அதே வெளுத்த சட்டையில், ரயில் நிற்கும் முன்னே ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு ஓடிவந்த மனுஷரைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் போல உங்கள் பிள்ளை எங்கே என்று எனக்குத் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது, எண்ணிப் பார்த்தேன், எட்டும் சரியாக இருந்தது என்றேன். பேச்சி தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூக்கையா மகளிடம் போனார். "கயித்துல அந்தக் கடேசி வரைக்கும் போயிட்டியாக்கும்?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

"இருவது ஆடு வச்சிருக்கேன் டீச்சர், ஒருநாளும் எண்ணுனதில்ல. எண்ணுனா அடுத்த வீட்டு ஆடும் கணக்குல சேந்துக்கிடும். மூஞ்சியப் பாத்துத்தான் அடைப்பேன். அடுத்த தடவையும் கூட்டிட்டுப் போங்க, ஆனா எண்ணாதிய."

விசில் இன்னும் என் கழுத்தில்தான் இருக்கிறது. ஆனால் எங்கே போய்த் திரும்பினாலும் எட்டுப் பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடிப்பதற்குள் பாதி நாள் பஸ் போய்விடுவதால், நாங்கள் ஒன்பது பேரும் அடுத்த பஸ்ஸில்தான் வீடு வந்து சேருகிறோம்.