ரேடியோவ எடுத்த வருஷம்

ரப்பர் வாசனை...

கிள்ளான்ல எங்க ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேல மாடியில இருந்துச்சு. ஏர்கான் போட்டாலும் புது டயர் வாசனை உள்ள வந்துரும். அதோட நாள் முழுக்க, டிரைவருங்ககிட்ட பேசுற ரேடியோ செட் கரகரன்னு கத்திக்கிட்டே இருக்கும். போர்ட்ல இருந்து கொள்கலன் ஏத்திக்கிட்டு ரவாங், ஷா ஆலம்னு போற லோரிங்கள அனுப்புறதுதான் என் வேலை. டிஸ்பேட்சர்.

எந்த ரோடு எப்ப ஜாம் ஆகும், எந்த டிரைவருக்கு எந்த ஃபேக்டரி தெரியும்... எல்லாம் என் மண்டையிலதான். பழைய மேனேஜர் ரிட்டையர் ஆனப்ப, அடுத்து நான்தான்னு ஆபீஸே பேசுச்சு. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

ஹெட் ஆபீஸ் கஸ்தூரிய அனுப்புனாங்க.

பிரிக்பீல்ட்ஸ் பொண்ணு. என் வயசுதான் இருக்கும். அதுவரைக்கும் அக்கவுண்ட்ஸ்ல இருந்தவங்க, லோரிக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்ல. வந்த அன்னிக்கே எங்கள உட்கார வெச்சு சொன்னாங்க, "எனக்கு இந்த வேலை தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் போறதில்ல. கத்துக்குடுங்க."

நல்லா பேசுறாங்கன்னு மட்டும் நெனச்சுக்கிட்டேன். கோவம் அப்படியேதான் இருந்துச்சு.

அடுத்த மாசம் ஒரு ரூல் போட்டாங்க. புதன்கிழமை காலையில எல்லாரும் சீட் மாத்தி உட்காரணும். கஸ்டம்ஸ் டாக்குமெண்ட் பாக்குற அஸ்லினா என் ரேடியோவுக்கு வருவா. நான் அவ கம்ப்யூட்டருக்குப் போகணும்.

நேரா கஸ்தூரி ரூமுக்குள்ள போயிட்டேன்.

"என் வேலைய இன்னொருத்தருக்குக் கத்துக்குடுத்துட்டா, அப்புறம் நான் எதுக்கு இங்க?"

கஸ்தூரி கதவ சாத்துனாங்க. "உட்காருங்க ரவி. உங்ககிட்ட மறைக்க மாட்டேன். லோரிக்கெல்லாம் ஜிபிஎஸ் வருது. ரேடியோவ எடுத்துருவாங்க. எப்பன்னு எனக்கும் தெரியாது. அன்னிக்கு உங்களுக்கு ரேடியோ மட்டும்தான் தெரியும்னா, நான் மேல போயி என்னன்னு சொல்லி உங்களுக்காகப் பேசுவேன்?"

எந்திரிச்சு வந்துட்டேன். புதன்கிழமை அஸ்லினா சீட்ல போய் உட்கார்ந்தேன்.

ரெண்டாவது வாரமே ஒரு கஸ்டம்ஸ் கோட் நம்பர தப்பா அடிச்சுட்டேன். கொள்கலன் போர்ட் கேட்லயே நின்னுருச்சு. கஸ்டமர் போன்ல கத்துனது பக்கத்து மேசை வரைக்கும் கேட்டுச்சு. கஸ்தூரி என் கையில இருந்து போன வாங்கி, "எங்க தப்பு சார், சாயங்காலத்துக்குள்ள வெளிய எடுத்துருவோம்"னு சொன்னாங்க. அஸ்லினாவும் நானும் சேர்ந்து சரி பண்ணோம். இனிமே இந்த சீட் மாத்துற கூத்து நின்னுரும்னு நெனச்சேன்.

நிக்கல. அடுத்த புதனும் அதே சீட்.

அன்னிக்குப் பயங்கர மழை. ஃபெடரல் ஹைவேல தண்ணி. என் சீட்ல அஸ்லினா. போச்சு, எல்லா லோரியும் மாட்டப் போகுதுன்னு எந்திரிக்கப் போனேன். கஸ்தூரி கையாலயே உட்காருன்னு காட்டுனாங்க.

அஸ்லினா ரேடியோவ எடுத்து, "அண்ணே, எனக்கு ரோடு தெரியாது. நீங்க நிக்கிற இடத்துல என்ன தெரியுது, எந்தப் பக்கம் போலாம், சொல்லுங்க"ன்னா. அரைகுறை தமிழ்ல, பாதி மலாய்ல. டிரைவருங்க ஒவ்வொருத்தரா சொல்ல ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் சொன்ன ரோட்ட அவ அடுத்தவருக்குச் சொன்னா, அவ்வளவுதான். எல்லா லோரியும் லேட்டாப் போச்சு. ஆனா போய்ச் சேந்துச்சு.

அத்தனை வருஷம் நான் ஆர்டர்தான் போட்டிருக்கேன். ஒரு நாளும் அவங்கள கேட்டதில்ல.

அடுத்த வருஷம் ரேடியோவ கழட்டிக்கிட்டுப் போனாங்க. சுவத்துல ஆணி ஓட்டை மட்டும் மிச்சம். ஆள் குறைப்புன்னு பேச்சு வந்துச்சு. யாருக்கும் சரியா சோறு எறங்கல.

ஒரு நாள் பேன்ட்ரில கோப்பி கலக்கிக்கிட்டே கஸ்தூரி சொன்னாங்க, "நம்ம ஆபீஸ்ல எல்லாருக்கும் இடம் இருக்கு. ஆளுக்கு ரெண்டு வேலை தெரியுதுன்னு காட்டுனேன், ஹெட் ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாங்க. என் போஸ்ட் மட்டும்தான் இல்ல. ரெண்டு கிளைக்கு ஒரே மேனேஜராம்."

அஸ்லினா அழுதுட்டா. நான் கேட்டேன், "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

அவங்களுக்கு ரவாங் கிளையில கவுன்டர் வேலை குடுத்தாங்க. அங்க மேனேஜர், முன்னால அக்கவுண்ட்ஸ்ல அவங்க கீழ வேலை பார்த்தவர். எனக்குத்தான் தாங்கல. "ஒரு மாதிரியா இருக்காதா?"ன்னு கேட்டுட்டேன்.

"முதல் வாரம் இருக்கும் லா. அப்புறம் வேலை வந்துரும்."

அவ்வளவுதான் சொன்னாங்க. அடுத்த திங்கள்ல இருந்து கொமுட்டர் ரயில் ஏறி ரவாங் போனாங்க.

சில வருஷம் ஆச்சு. இப்ப நான் மேனேஜர். ஆபீஸ் சுபாங் ஜெயாவுக்கு மாறிருச்சு. கார்ப்பெட் போட்ட ஃப்ளோர், சத்தமே இல்ல. லோரியெல்லாம் ஸ்கிரீன்ல புள்ளி புள்ளியா நகருது. வருஷத்துக்கு ஒரு தடவ ஹோட்டல்ல டிரெய்னிங். மாற்றத்துக்குத் தயாரா இருங்கன்னு ஒருத்தர் மைக்க புடிச்சு சொல்லுவாரு, சாப்பாடு நல்லா இருக்கும், வந்துருவோம்.

போன மாசம் ரூட் போடுறதுக்கே புது சிஸ்டம் வந்துச்சு. டீம்ல ஒரு பொண்ணு, பிரியா, வந்து நின்னா. "பாஸ், எங்க வேலை போயிருமா?"

போகாதுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. கதவ சாத்திட்டு, எனக்குத் தெரிஞ்சது எவ்வளவு, தெரியாதது எவ்வளவுன்னு அப்படியே சொன்னேன். ரொம்ப நேரம் பேசுனோம். போறப்ப அவ மொகம் கொஞ்சம் தெளிஞ்சிருந்துச்சு.

கஸ்தூரி இப்ப பங்சார்ல வேற கம்பெனி. வேற லைன். மெசேஜ் போட்டா ரெண்டு நாள் கழிச்சுதான் பதில் வருது.

"சாரி ரவி, இங்க நான்தான் புதுசு. ஒண்ணுமே புரியல 😄"

அன்னிக்கு ஒரே ஆபீஸ்ல இருந்தோம்... திரும்புனா போதும், பேசிரலாம்.