பைக்குள் தைத்த கரித்துண்டுகள்

என் மகளின் போன் பையை நான்தான் தைத்துக் கொடுத்தேன். அதன் உள்துணிக்குள் என்ன வைத்தேன் என்பதை அவளிடம் சொல்ல எனக்கு ஐந்து வாரங்கள் பிடித்தன.

நாங்கள் லாபு என்ற ஊரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறோம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மகள் நீலாய் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூட்டை உலையில் கரியாக்கி, அதன் மேல் ரப்பர் பாலை மெல்லப் பூசி உறைய வைப்பாள். வளைத்தால் வளையும் கறுப்புத் துண்டு கிடைக்கும். மின்காந்த அலையை அது உறிஞ்சிவிடும் என்றாள்.

“தகரமா இருந்தா அலை பட்டுத் திரும்பிப் போயிடும்மா. இதுல ஓட்டை ஓட்டையா இருக்குல்ல? உள்ள நுழைஞ்சி, அங்க இங்க மோதி, வெளிய வரதுக்குள்ள சூடா மாறி அடங்கிப் போயிடும். பீர்க்கங்கா பாதி வேலய ஏற்கெனவே செஞ்சி வெச்சிருக்குலா.”

அவள் சொன்னதில் ‘அடங்கிப் போயிடும்’ என்பதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் போன் கோபுரம் எழுந்ததிலிருந்தே, அந்த அலை உடம்புக்கு ஆகாது என்று எனக்கு நிம்மதியில்லை. இரவு பகலாக அவள் நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும் அந்தப் போனையும் பார்க்கப் பிடிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பாதீர்கள் என்று வகுப்பில் சொல்லிவிட்டு வந்து, அதையே வீட்டில் உட்கார்ந்து படிப்பேன்.

அளவு சரியில்லை என்று அவள் ஒதுக்கி வைத்த துண்டுகளில் மூன்றை எடுத்தேன். தோளில் மாட்டும் ஒரு பை தைத்து, உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவில் போன் முழுவதும் மூடும்படி அவற்றை வைத்து மூடினேன்.

“ஏன்மா இவ்ளோ தடிப்பா இருக்கு?”

“கீழ விழுந்தா உடையாம இருக்கத்தான்.”

அந்தப் பையில் போனைப் போட்டு மாட்டிக்கொண்டு அவள் முதல்முறை கிளம்பியது ஒரு சனிக்கிழமை. மதியம் ஒரு மணிக்கு வர வேண்டியவள் ஒன்றரைக்கும் வரவில்லை. கூப்பிட்டேன். தொடர்பு கிடைக்கவில்லை என்று ஒரு மலாய்க் குரல் பணிவாகச் சொன்னது. பதினெட்டு முறை கூப்பிட்டேன், பதினெட்டு முறையும் அதே பணிவு.

தோட்டத்துச் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, அவள் ஓரத்துக் கால்வாய்க்குள் விழுந்து கிடந்திருக்கிறாள். வண்டி காலின் மேல். தோள் எலும்பு முறிந்ததில் கையைத் தூக்க முடியவில்லை. பாதி நேரம் நினைவே இல்லை. மூன்றரைக்கு அந்த வழியாக வந்த, தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், புல்லில் கிடந்த ஹெல்மெட்டைப் பார்த்து இறங்கியிருக்கிறார்.

மருத்துவமனை வராந்தாவில் அவர்தான் சொன்னார். “நம்ம ஆளுங்க ரெண்டு பேரு, பாப்பா விழுந்ததுக்கு அப்புறமா வந்து, நாலு மரம் தள்ளி உக்காந்து சோறு தின்னுட்டு இருந்தானுங்க டீச்சர். ரொம்ப நேரம். போனு அடிச்சிருந்தா கேட்டிருக்கும்.”

நான் தலையாட்டினேன். பையைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை.

பிறகு எந்த வேலையும் ஓடவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன். அந்த இடத்தில் எப்போதுமே லைன் கிடைக்காதோ என்னவோ, மரங்கள் அவ்வளவு அடர்த்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஐந்து வாரம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பையையும் இரண்டு போன்களையும் எடுத்துக்கொண்டு அங்கே நடந்தேன்.

என் போனைக் கையில் வைத்துக்கொண்டு, கணவரின் போனிலிருந்து கூப்பிட்டேன். அடித்தது. பைக்குள் போட்டு மூடிவிட்டுக் கூப்பிட்டேன். அடிக்கவில்லை. ஏழு முறை மாற்றி மாற்றிச் செய்தேன். கடைசியில் கால்வாய் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு கையால் கத்தரிக்கோலைப் பிடித்துத் தையலைப் பிரித்தாள். மூன்று துண்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தாள்.

“லைன் கெடைக்கலனா போனு சும்மா இருக்காதும்மா. கோபுரத்தத் தேடி இன்னும் பலமா கத்தும். நீங்க பயந்த அலைய நீங்களே ஏத்தி விட்டிருக்கீங்க.”

பிரிந்து கிடந்த நூலை நான் பொறுக்கி எடுத்தேன்.

“ரெண்டு மணி நேரம்மா” என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

துண்டுகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். “வேற என்ன செஞ்சி வெச்சிருக்கீங்க? இப்பவே சொல்லிடுங்க.”

“மோட்டார் சீட்டுக்குக் கீழ ஒரு எலுமிச்சம்பழம்.”

“அது நாத்தம் அடிச்சப்பவே தூக்கிப் போட்டுட்டேன்” என்றவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. விடவில்லை. “பயமா இருந்தா எங்கிட்ட சொல்லுங்க. என் சாமானத் தொடாதீங்க.”

கட்டுப் பிரித்து ஒரு மாதம் ஆனதும் மறுபடி மோட்டார் எடுப்பேன் என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். சொல்ல வேண்டும் என்றுதானே கேட்டாள்.

“தெரியும். போய்ச் சேந்ததும் நான் போன் பண்றேன். நீங்க பண்ணாதீங்க.”

இன்று காலை ஏழே காலுக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினாள், அரை மணி நேரப் பயணம். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். முதல் பாடம் தொடங்கிவிட்டது. பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, மேசையில் இருக்கும் என் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மணி எட்டு ஐந்து. நான் கூப்பிடவில்லை.