எந்தக் குளம்?

முஃப்லிஹாவின் குடும்பத்தில் பட்டதாரி அவள் ஒருத்திதான். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த வாப்பா மதுரங்குளியில் மரக்கறி விற்றுப் படிக்கவைத்தார். கணினி படித்தும் வேலையில்லாமல், இந்தப் படிப்பால் யாருக்கு என்ன பயன் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தவளை மக்பூல் ஹாஜியார் தன் இறால் பண்ணைக்குக் கூப்பிட்டார்.

"குளத்துக்குக் காத்தடிக்கிற சக்கரம் நின்டா என்ட போனுக்குச் சொல்ற பெட்டி ஒன்டு செய்வியா புள்ள? தமிழ்ல சொல்லோணும். இங்கிலீசு எனக்கு ஏலா."

சக்கரம் நின்றால் இறால் செத்துப்போகும். அதற்குக் காவலிருந்தே பண்ணையில் வேலைசெய்யும் மாக்கிறட் அக்கா பல வருடமாகத் தலவில் தேவாலயத் திருவிழாவைக் காணவில்லை. பெட்டி சரிவந்தால் இம்முறை போகலாம் என்றிருந்தார் ஹாஜியார்.

திருவிழாவுக்கு முதல்நாள் காலை சோதனை. மாக்கிறட் புதுச்சேலையோடு நின்றாள். மூன்றாம் குளத்துச் சக்கரத்தை நிறுத்தினார்கள். போனில் வந்தது ஒரே சொல்: "சக்கரம்". பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம்.

"எந்தக் குளம்? மிச்சச் சேதி இறால் மௌத்தான பொறகா வரும்?" என்றார் ஹாஜியார்.

முஃப்லிஹாவுக்கு முகம் எரிந்தது. மாக்கிறட் பையைக் கீழே வைத்தாள். "பஸ் பின்னேரந்தான். இன்னொருக்காப் பாருங்க, மகள்."

முஃப்லிஹா மடிக்கணினியைத் திறந்தாள். "சக்கரம் நின்றுவிட்டது, மூன்றாம் குளம்" என்பதுதான் வசனம். ஆங்கிலத்தில் செய்ததுபோலவே இடைவெளியும் காற்புள்ளியும் சேர்த்து விரல்விட்டு எழுத்தெண்ணி, நீளம் இருபத்துமூன்று என்று எழுதியிருந்தாள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் இடம் போதும். தமிழில் 'ர'வுக்கு மூன்று, 'ம்'முக்கு ஆறு. 'சக்கரம்' முடியும்போதே இடம் கிட்டத்தட்டத் தீர்ந்து, அடுத்த எழுத்து பாதியில் அறுந்து கட்டமாகிவிட்டது.

பைட்டுகளைக் கூட்டி எண்ணைத் திருத்தலாம். ஆனால் அடுத்த வசனத்தில் திரும்பவும் பிழைவிடமாட்டாள் என்பதற்கு என்ன நிச்சயம்? சி மொழியில் மேற்கோளுக்குள் எழுதிய வசனத்தின் அளவு, நிரலைத் தொகுக்கும்போதே தொகுப்பிக்குத் தெரியும். எண்ணை அழித்துவிட்டு, அந்த அளவைக் கேட்டெடுக்கும் sizeof போட்டாள். வசனத்தின் கடைசியில் சேரும் பூச்சியத்துக்காக ஒன்றைக் கழித்தாள். இனி வசனம் மாறினாலும் எண்ணுவது அவள் விரலல்ல.

மறுபடி சக்கரத்தை நிறுத்தினார்கள். ஹாஜியார் உரக்க வாசித்தார்: "சக்கரம் நின்றுவிட்டது, மூன்றாம் குளம்." மற்றக் குளங்களையும் சோதித்த பிறகுதான் தலையாட்டினார். "ஓம், சரி. நீ போ மாக்கிறட்."

மாக்கிறட் முஃப்லிஹாவின் கன்னத்தைத் தொட்டாள். "உனக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்திறன், மகள்."

தன் படிப்புக்கும் ஒரு பயன் காட்டியவளுக்கு நன்றி சொல்லவேண்டியது தான்தான் என்று முஃப்லிஹாவுக்குத் தோன்றியது. மாக்கிறட்டின் பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு பஸ் தரிப்பிடம்வரை நடந்தாள்.