தோலோடு போன தழும்பு

அஸ்தம்பட்டியில் ஒரு மருத்துவமனை. எனக்கும் இன்னொரு பெண்ணுக்கும் ஒரே அறை, ஒரே அறுவை சிகிச்சை. தொங்கிய வயிற்றுத் தோலை வெட்டி எடுத்து, உள்ளே விலகிய தசையை இழுத்துத் தைத்திருந்தார்கள். அவருக்குப் புதுச்சத்திரம் பக்கம் ஊர். உயரமான, களையான பெண். யார் கதவைத் திறந்தாலும், நர்ஸே ஆனாலும், போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொள்வார். சொந்தக்காரர்களிடம் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்.

அவருக்குக் கட்டுப் பிரித்த அன்று டாக்டர் கண்ணாடியைக் காட்டினார். வயிறு தட்டையாகியிருந்தது. அடிவயிற்றில் இடுப்புக்கு இடுப்பு புதிய தையல் கோடு.

"பழைய சிசேரியன் தழும்பும் தோலோட போயிருச்சு, பாத்தீங்களா?" என்றார் டாக்டர் உற்சாகமாக.

டாக்டர் போனதும் அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வலிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. மூத்தவனை அந்தச் சிசேரியன்லதான் எடுத்தாங்க. ஒரு நாள்கூட இருக்கலீங்க. போட்டோகூட இல்லை. அவன் வந்துட்டுப் போனதுக்கு அந்தத் தழும்பு ஒண்ணுதான் இருந்துச்சு."

"உங்களுக்கு முன்னாடியே தெரியாதுங்களா?"

"டாக்டர் சொன்னாருங்க. தழும்பும் போயிருமான்னு கேட்டு சந்தோசமாத் தலையாட்டினேன். அப்ப அவன் நெனப்பே வரலீங்க. பெத்தவ நானு. வெக்கமா இருக்குதுங்க."

சற்று நேரத்தில் நர்ஸ் வந்து என் கட்டையும் பிரித்தார். பக்கத்துக் கட்டிலில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு நல்லா வந்திருக்குதுங்க" என்றார்.

மனதாரத்தான் சொன்னார். நான்தான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.