கொண்டலாத்தியும் ஓர் இருமலும்

சென்ற வாரம் மதுரையில், எங்கள் தெருமுனை நூடுல்ஸ் வண்டிக்காரர் வாணலியில் வினிகரைக் கவிழ்த்தார். அந்தப் புளித்த காட்டம் மூக்கில் ஏறியதும், வாங்கப் போன கொத்தமல்லியை மறந்து நின்றுவிட்டேன். அறுபதுகளின் கடைசியில், அருப்புக்கோட்டை போட்டோ ஸ்டூடியோ ஒன்றின் இருட்டறையில் அடித்த வாடை அது. சிவப்பு பல்பின் அடியில், மருந்துத் தட்டில் கிடக்கும் வெள்ளைத் தாளில், ஒரு பறவை மெல்ல மெல்லக் கறுத்து எழுந்து வரும். அதைப் பார்த்தவன் பிறகு வேறெதற்கும் ஆகமாட்டான். நான் ஆகவில்லை.

அப்போது பருத்தி அரவை மில்லில் வேலை. பாளையம்பட்டியில் ரெங்கசாமி அண்ணன் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். அண்ணன் நெசவாளி. காசநோய் கண்டு, முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தார். எழுந்து நடமாடக் கூடாதென்று டாக்டர் கண்டிப்பு. அவர் மனைவி நாகம்மா அக்காதான் தறியையும் பார்த்து அவரையும் பார்த்தார். தங்களுக்குள் தெலுங்கு, என்னிடம் தமிழ்.

கொல்லைப்புறத்தில் துவைக்கிற தண்ணீர் ஓடி, முருங்கையடி மண் மட்டும் ஈரமாக இருக்கும். சுற்றிலும் வெடித்துக் கிடந்த கரிசலில், அந்தக் கையகல ஈரம் கொண்டலாத்திக்கு எப்படித்தான் தெரிந்ததோ! தினமும் வந்து, நீண்ட அலகால் மண்ணைக் குத்திப் புழு எடுக்கும். அண்ணன் நோவு வரும்வரை அதைப் பார்த்த பிறகுதான் தறிக்குழியில் இறங்குவாராம். இப்போது என்னிடம்தான் கேட்பார், இன்றைக்கு வந்ததா என்று.

சிலோனிலிருந்து வந்த சித்தப்பா கொடுத்த மடக்குக் கேமரா என்னிடம் இருந்தது. படம் எடுத்தே காட்டிவிடலாமென்று இறங்கினேன். முதல் சுருளில் முருங்கைமரம் பிரமாதமாக விழுந்திருந்தது. அண்ணன் படத்தைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் தேடினார்.

"இதுல பறவ எங்கன இருக்கு தம்பி?"

நான் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினேன். அக்கா முந்தானையால் துடைத்ததும் புள்ளி போய்விட்டது.

கிட்டே போனால் பறந்தது. சாக்குத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எடுத்தால் கேமரா ஆடிப் படம் கலங்கியது. கடைசியில் செங்கல் மேல் கேமராவை ஈரமண்ணுக்கு நாலடியில் வைத்து, விசையில் அக்கா முறுக்கித் தந்த நூலைக் கட்டிக் கதவுக்குப் பின்னாலிருந்து இழுத்தேன். வாரநாட்களில் அதே செங்கல்மேல் காலி டப்பாவை வைத்துப் பறவையைப் பழக்கினோம். இளவெயில் பக்கவாட்டில் விழுந்த ஒரு காலையில், சிறகின் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தனித்தனியாக வந்துவிட்டன. அண்ணன் அவற்றை விரலால் தடவினார். பிறகு, கொண்டையை விரிக்கவில்லையே என்றார்.

உண்மைதான். விசை 'டிக்' என்றதும்தான் அது மிரண்டு கொண்டையை விரிக்கும். அதற்குள் படம் முடிந்திருக்கும்.

அண்ணனுக்குப் போட்டுவந்த ஊசி வேலை செய்தது. தை மாசம் டாக்டர், கொஞ்சம் நடக்கலாம் என்றார். மறுநாள் காலையில் அக்கா தோளைப் பிடித்தபடி அண்ணன் அடுக்களை தாண்டிப் பின்கதவுக்கு வந்தார். மணையில் உட்காரவைத்து, நூலை அவர் கையில் கொடுத்தேன்.

கொண்டலாத்தி வந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணனுக்கு இருமல் முட்டியது. துண்டால் வாயைப் பொத்தினார். கண்ணில் நீர் கோத்தது. அடக்க அடக்க, ஒரே ஒரு இருமல் வெளியே தப்பிவிட்டது.

பறவை நிமிர்ந்தது. தலைமேல் கொண்டை விசிறியாக விரிந்தது. ஒவ்வொரு இறகின் நுனியிலும் மைதொட்டு வைத்த மாதிரி கறுப்பு, ஊடே வெயில். அது பறக்காமல் எங்களையே பார்த்தது. இத்தனை அழகை ஒரு புழுத்தின்னிப் பறவையின் தலையில் வைக்க யாருக்குத் தோன்றியது?

"அண்ணே, நூலு," என்றேன் மெல்ல. அவர் காதில் விழவேயில்லை. அக்கா குனிந்து, அவர் கைமேல் தன் கையை வைத்து இழுத்தார்.

ஸ்டூடியோவில் அதைப் பெரிதாகப் போட்டுத் தந்தார்கள். அண்ணன் மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நான் இருமித்தான் இது விரிஞ்சுச்சுன்னு யாருகிட்டயும் சொல்லிராதீக தம்பி."

அண்ணன் மறுபடி தறியில் இறங்கினார். பல வருஷம் நெய்து, முதுமையில்தான் போனார். அக்காவும் போய்விட்டார்.

போன வருஷம் பந்தல்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகையில், பாளையம்பட்டியில் இறங்கினேன். சந்து வழியாக எட்டிப் பார்த்தேன். கொல்லைப்புறம் சுவரிலிருந்து சுவர்வரை சிமெண்டுத் தளம். பைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவர், யாரைத் தேடுறீக என்று கேட்டார். இங்கே ஒரு பறவை வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். வீடு மாறி வந்துட்டேன் போல என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.